ரங்கிக்குக் கொடுத்த கறுப்பு வட்டம்

அட்டையில் பூசிய கறுப்பு இன்னும் காயவில்லை.

கரும்பலகைக்கென்று வாங்கி வைத்திருந்த பெயிண்டை எடுத்து, தலைமையாசிரியரே தன் கையால் பூசியிருந்தார். சோற்றுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக வெட்டிய அட்டை. மேலே துளை போட்டு, கழுத்தில் மாட்டச் சணல் கயிறு கட்டியிருந்தது. பெயிண்ட் நாற்றம் மேடைக்குக் கீழே நின்ற எனக்கே மூக்கில் ஏறியது. அதைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு ரங்கி மேடைப் படியோரம் நின்றாள். இருந்த ஒரே நல்ல பாவாடையில் கறுப்பு ஒட்டிவிட்டது. விரல்களிலும் ஒட்டிவிட்டது.

மேடை நடுவே நாலு பிள்ளைகள் கை கோத்து நின்றார்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டைகளில் ஆளுக்கொரு சொல். 'நாங்கள்', 'எல்லோரும்', 'ஒன்றாகப்', 'படிக்கிறோம்'. அந்த வரிசைக்கு ரொம்பத் தள்ளி, தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார் தலைமையாசிரியர். கூப்பிட்டதும் ரங்கி போய் அதற்குள் நிற்க வேண்டும்.

அவளுக்குச் சொல் கிடையாது. அவள் முற்றுப்புள்ளி.

என் இரண்டாம் வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளைக்குக் கொடுத்த வேலை அது! பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே அவள் அம்மா மாரக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைத் தொடர்ந்து படிக்க விடுவதா, இல்லை மறுநாளே நிறுத்திக் கடலைக்காட்டுக்குக் கூட்டிப் போவதா என்று முடிவு செய்யத்தான் அவள் வந்திருந்தாள். அது எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு என் நாத்தனார் போன் செய்தாள். "ஏனுங்க அண்ணி, எதுக்குங்க இத்தனை கோவம்? ரிட்டயர்டு ஆயாச்சு. நல்லதா நாலு எழுதக் கூடாதுங்களா?" என்றாள். நல்லதும் வரும், பொறு என்றேன். இந்த வாரம் அவள் பத்திரிகையைப் பிரிக்காமல் இருப்பது நல்லது.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. துடியலூரில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, கள்ளி வேலிக்கு நடுவே போகும் இட்டேரியில் நடந்தால் வரும் ஊர், அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால், அந்த ஒரு ஊரில்தான் அப்படிப் போலிருக்கிறது என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகக் காபி குடிப்பார்கள். அந்த நிம்மதியை நான் தருவதாக இல்லை.

சட்டைக்குள் இருந்த அட்டை

அது தொண்ணூறுகளின் முன்பாதி. நான் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அ, ஆ, இ, ஈ என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். நடுவில் நிறுத்தி ஒரு எழுத்தைக் காட்டினால் முழிப்பார்கள். மறுபடி 'அ'விலிருந்து வந்தால்தான் அந்த எழுத்து வாயில் வரும்.

ஒரு வருஷம் எழுத்து, ஒரு வருஷம் சொல், அப்புறம்தான் வாக்கியம் என்று யாரோ வகுத்து வைத்திருந்தார்கள். பேசத் தெரியாத பிள்ளைகளா இவர்கள்? பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் ஊர் வம்பு முழுவதையும் என்னிடம் கொட்டிவிடுகிற பிள்ளைகள். வாயில் ஆயிரம் வாக்கியம் வைத்திருக்கிறவர்களை இரண்டு வருஷம் எழுத்தையும் சொல்லையும் கட்டிக்கொண்டு அழு என்று உட்கார வைத்தால் படிப்பு கசக்காமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. நான் தமிழ் வாசிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில். அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒவ்வொரு பஸ்ஸாக வந்து நிற்கும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பேன். 'வழி' என்கிற சொல் எல்லாப் பலகையிலும் இருந்தது. அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் தினமும் அதற்கு முன்னும் பின்னும் இருந்தவற்றைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து, அம்மா காய வைத்த வடாம் தட்டையே பஸ் பலகையாக்கிச் சாக்பீஸால் எழுதி, சமையலறை வழி கொல்லைக்கு ஒரு பஸ் விட்டேன். அடியும் வாங்கினேன்.

அந்த ஞாபகம்தான் எனக்குக் கைகொடுத்தது. சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் என்ன? அடுக்கட்டும், மாற்றட்டும், கலைக்கட்டும்.

அட்டைக்கு எங்கே போவது? காந்திபுரத்து ஜவுளிக் கடைகளில் புதுச் சட்டைக்குள் மடிப்புக் கலையாமல் இருக்க ஒரு வெள்ளை அட்டை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தீபாவளி முடிந்ததும் ஒரு கடைக்காரரிடம் போய் அவற்றைக் கேட்டேன். "எதுக்குங்க மேடம்?" என்றார். சொன்னேன். ஒரு சாக்கு நிறைய அள்ளிப் போட்டுக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்று நின்றார். அவரோடு துடியலூர் வரைக்கும் சண்டை.

அட்டையில் என்ன எழுதுவது என்பதையும் பிள்ளைகள்தான் சொன்னார்கள். புத்தகத்தில் இருந்த அணிலும் ஊஞ்சலும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. எருமை, மோட்டார், கரண்டு, சோளக்காடு, டவுன் பஸ், பன்னு. பிறகு வந்தது, போனது, குடித்தது, கடித்தது. தரையில் பரப்பிப் போட்டதும் பிள்ளைகள் அவற்றின் மேல் விழுந்தார்கள். 'எருமை டவுன் பஸ்ஸில் போனது' என்று ஒருவன் அடுக்கினான். வகுப்பே உருண்டு சிரித்தது. 'கரண்டு பன்னு கடித்தது' என்று ஒருத்தி அடுக்கினாள். அது சரியா தப்பா என்று ஒரு மணி நேரம் வழக்கு நடந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அந்தச் சொற்களை ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை வாசித்திருக்கும்!

கை கோத்தால்தான் வாக்கியம்

கொஞ்ச நாள் கழித்து அட்டைகளுக்குக் கயிறு கட்டினேன். பிள்ளைகளே கழுத்தில் மாட்டிக்கொண்டு சொல்லாக ஆனார்கள். மைதானத்தில் ஓடுவார்கள். நான் கை தட்டினால் தனக்குப் பொருந்துகிற சொல்லைத் தேடிப் பிடித்து வரிசையாக நிற்க வேண்டும். கை கோத்தால்தான் அது வாக்கியம். பொருந்தாத சொல் வந்து சேர்ந்தால் யாராவது கையை உதறிவிடுவார்கள். வாக்கியம் உடைந்தது என்று கத்துவார்கள். மறுபடி ஓட்டம்.

ரங்கி அந்த ஆட்டத்தில் ராணி.

முழுப் பெயர் ரங்கநாயகி. காரமடைப் பெருமாள் தேருக்குப் போய்விட்டு வந்த மறுநாள் பிறந்ததால் அந்தப் பெயர் வைத்ததாக மாரக்கா சொல்வாள். ஊருக்குத் தெற்கே ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியிலிருந்து வருகிறவள். தாமதமாகச் சேர்ந்ததால் மற்றவர்களைவிட ஒரு வயது கூட இருக்கும். மற்றப் பிள்ளைகள் தங்கள் கழுத்தில் உள்ள சொல்லை வாசிக்கவே தடுமாறும்போது, இவள் எட்ட நின்றே எல்லார் சொல்லையும் பார்த்துவிட்டு, "டேய், நீ இங்கெ வா, நீ அக்கட்டால போ" என்று வாக்கியத்தையே கட்டிவிடுவாள். கடலைப் பொட்டணம் மடித்த காகிதம் கிடைத்தால் போதும், கடலையை மறந்துவிட்டு அதைப் பிரித்து வாசிக்கிற ரகம்.

ஒரு நாள் 'எருமை', 'தண்ணீர்', 'குடித்தது' என்ற வாக்கியம் நின்றது. எருமையாக இருந்தவள் ஒரு குண்டுப் பெண். 'தண்ணீர்' கார்த்தி. 'குடித்தது' ரங்கி. கார்த்தியின் கையை ரங்கி பிடித்திருந்தாள். ஒரு நிமிஷம் இருக்குமா? பிறகு கலைந்து வேறு வாக்கியத்துக்கு ஓடிவிட்டார்கள்.

கார்த்தி யார் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்த பெரிய தோட்டத்துக்காரரின் பேரன். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் தலைவர் அந்தப் பெரியவர்தான். ரங்கியின் அப்பாவும் மாரக்காவும் வேலை செய்தது அவர் தோட்டத்தில்.

மறுநாள் கார்த்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான். மார்கழிக் குளிர். கண் சிவந்திருந்தது. என்னடா கண்ணு, காய்ச்சலா என்று கேட்டேன்.

"இல்லீங்க டீச்சர். அப்பாரு சொல்லி அம்மா தலைக்குத் தண்ணி ஊத்தி உட்டாங்க. சளி புடிச்சுக்கிச்சுங்க."

அப்பாரு என்றால் தாத்தா. எதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டேன். பிள்ளை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னான். பொழுதோட வீட்டுக்குப் போய் அட்டை விளையாட்டை எல்லாருக்கும் செய்து காட்டியிருக்கிறான். நான் தண்ணீர், ரங்கி குடித்தது, இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டோம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், வாசலிலேயே நிறுத்தித் தலையோடு இரண்டு குடம் ஊற்றி, சட்டையை மாற்றி, அப்புறம்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

"தப்பா வாசிச்சுட்டனுங்களா டீச்சர்?" என்று கேட்டான்.

நீ சரியாகத்தான் வாசித்தாய் என்றேன்.

ஆறிப்போன காபி

அன்று மத்தியானமே தலைமையாசிரியர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது, அதுவரைக்கும் பாம்பும் சாகக் கூடாது, தடியும் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதர். இந்த ரகத்தால் நாட்டில் நடந்த கேடு கொஞ்சநஞ்சம் இல்லை.

"டீச்சர், எழுதறப்ப வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவால இடம் உடறமில்லீங்களா? அதே மாதிரி புள்ளைங்களையும் இடம் உட்டு நிக்க வெச்சுப்போடுங்க. பாடமும் ஆச்சு, பிரச்சினையும் இல்லீங்க" என்றார்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும் இடம் உடோணுமுங்களா சார், ரங்கிக்கு மட்டுமுங்களா?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "ரங்கிக்கு மட்டும் போதுமுங்க" என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் நேராகப் பெரியவர் தோட்டத்துக்கே போனேன். பேசித் தீர்க்கலாம் என்று ஒரு நப்பாசை.

கொங்கு நாட்டு மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகி உருகிப் பேசுவார்கள். எதற்கெடுத்தாலும் 'ங்க' என்பார்கள், தேன் ஒழுகும் என்பார்கள். ஒழுகும்தான். யாருக்கு ஒழுகும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க, உக்காருங்க" என்று எழுந்து நின்றே வரவேற்றார் பெரியவர். "அம்மணி, டீச்சருக்குக் காப்பி கொண்டா கண்ணு" என்று மருமகளுக்குக் குரல் கொடுத்தார். வெள்ளி டம்ளரில் நுரையோடு காபி வந்தது. அந்த நேரம் பார்த்து ரங்கியின் அப்பா தலையில் தீவனக் கட்டோடு வந்தார். அவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. "டேய், அக்கட்டால கொண்டுபோய்ப் போடுறா" என்றார் பெரியவர். அடுத்த மூச்சில் என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க டீச்சரம்மா" என்றார். ஒரே நாக்குத்தான்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"நாங்க யாரையும் படிக்க வேண்டாம்னு சொல்லலீங்களே. பள்ளிக்கூடத்துக்கு இடமே நம்ம குடும்பம் குடுத்ததுங்க. எல்லாப் புள்ளைங்களும் படிக்கட்டுமுங்க. தொட்டுக்கறதுதான் வேண்டாம்ங்கறோம்."

"பஸ்ஸுல பக்கத்துல நிக்கறவங்க யாருன்னு விசாரிச்சுட்டுத்தான் ஏறுவீங்களா?"

"நமக்கு ஜீப்பு இருக்குதுங்களே" என்றார், நெம்ப அமைதியாக. "நீங்க டவுன்ல பொறந்து வளந்தவங்க. ஊரு நடப்பு தெரியாதுங்க. போகப் போகத் தெரிஞ்சுக்குவீங்க. காப்பி ஆறுது பாருங்க, எடுத்துக்குங்க."

நான் எடுக்கவில்லை. எழுந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவதைவிடப் பெரிய அவமதிப்பு கிடையாது. பெரியவர் முகம் அப்போதுதான் மாறியது. மார்கழிக் குளிரில் பேரன் தலையில் தண்ணீர் ஊற்றச் சொன்னபோது மாறாத முகம், ஒரு டம்ளர் காபிக்கு மாறியது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம். இன்றைக்கும் உண்டு.

"மேடை ஏத்திட்டனுங்களே!"

இதற்கிடையில் என் அட்டை விளையாட்டைப் பற்றி எப்படியோ மேலே தெரிந்துபோயிற்று. ஆண்டு விழாவுக்குக் கல்வி அதிகாரி ஒருவர் வருகிறார், பிள்ளைகள் வாக்கியம் அமைப்பதை மேடையில் பார்க்க விரும்புகிறார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்திகையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். வாக்கியத்தையும் அவரே முடிவு செய்தார். 'நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் படிக்கிறோம்.'

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் சட்டை அட்டையில் மறைத்தார்.

நாலு சொல்லும் நாலு ஊர்ப் பிள்ளைகளுக்குப் போயிற்று. ரங்கி இல்லாமல் நான் மேடைக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்று சண்டை போட்டேன். ஒரு ராத்திரி யோசித்துவிட்டு மறுநாள் காலையில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"ரங்கியையும் மேடை ஏத்திட்டனுங்களே டீச்சர்! அவதானுங்க முற்றுப்புள்ளி. புள்ளி யாரு கையையும் புடிக்க வேண்டியதில்லை பாருங்க. தனியா நிக்கலாம். நீங்க கேட்டதும் ஆச்சு, பெரியவரு சொன்னதும் ஆச்சு."

ஒரு பிள்ளையை ஒதுக்கி வைக்க எவ்வளவு மூளையைச் செலவு செய்கிறார்கள், பாருங்கள். அந்த மூளையில் கால்வாசியைப் பாடம் சொல்லித்தருவதில் செலவழித்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடம் எங்கேயோ போயிருக்கும்! அன்று நான் போட்ட சத்தம் அடுத்த வகுப்பு வரைக்கும் கேட்டது. பலன் ஒன்றும் இல்லை. பெயர்ப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார், உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் மாரக்கா என்னைத் தேடிக்கொண்டு இட்டேரியில் வந்தாள். காட்டு வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், காலெல்லாம் செம்மண்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. புள்ள ராத்திரி சோறு திங்கல. கருப்பு அட்டையப் புடிச்சுக்கிட்டுத் தள்ளி நிக்கோணுமாம். தோட்டத்துலயும் நாங்க தள்ளித்தானுங்க நிக்கறோம். அதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்? கடலைக்காட்டுக்கு வந்தா என்கூடக் கொடியாச்சும் புடுங்குவா."

விழா வரைக்கும் பொறு மாரக்கா என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

"பொறுக்கறனுங்க. வந்து என்ற கண்ணாலேயே பாக்கறேன். மனசுக்கு ஒப்பலைன்னா அப்பறம் நான் கூட்டிக்கிட்டுப் போயிருவனுங்க" என்றாள்.

சாக்பீஸ் வட்டம்

விழா அன்று மேடைக்கு முன்னால் நாற்காலிகளில் ஊர்க்காரர்கள். நடு நாற்காலியில் மாலையோடு அதிகாரி, பக்கத்தில் மாலையோடு பெரியவர். வேலிக்கு வெளியே காலனிக்காரர்கள். உள்ளே வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியே இருக்கவில்லை, அதுதான் கொடுமை.

நாலு சொற்களும் ஓடி வந்து கை கோத்தன. 'ஒன்றாகப்' என்ற அட்டை கார்த்தியின் கழுத்தில் தொங்கியது. கைதட்டல். தலைமையாசிரியர் மைக்கில், "இப்போது முற்றுப்புள்ளி வரும்" என்றார்.

முற்றுப்புள்ளி வரவில்லை.

ரங்கி படியோரத்திலேயே நின்றாள். தலைமையாசிரியர் சாக்பீஸ் வட்டத்தைக் காட்டிக் கண்ணால் மிரட்டினார். அவள் வட்டத்தைப் பார்க்கவில்லை. கை கோத்து நின்ற நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை முழுவதும் அவளை வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். நாலு சொல்லையும் ஒன்றாகச் சேர்த்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அதிகாரி தன்மையாகக் கூப்பிட்டார். "வா பாப்பா. நீ வந்து நின்னாத்தானே வாக்கியம் முடியும்?"

"வரமாட்டனுங்க" என்றாள் ரங்கி.

"ஏம்மா?"

அவள் கையை நீட்டினாள். விரல் நுனி கறுப்பாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளையாகக் காட்டி, வகுப்பில் வாசிப்பது போலவே சத்தமாக வாசித்தாள். "நாங்கள். எல்லோரும். ஒன்றாகப். படிக்கிறோம்." கையை இறக்கினாள்.

"இது பொய்யுங்க. பொய்க்கு நான் எதுக்குங்க புள்ளி வெக்கோணும்?"

அப்போது வரிசையில் நின்ற கார்த்தி, தெரிந்த விடையைச் சொல்கிற உற்சாகத்தோடு அதிகாரியைப் பார்த்து, "ஆமாங்க சார், பொய்தானுங்க! இவ கையப் புடிச்சா எங்கூட்டுல எனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திப்போடுவாங்க. சளி புடிச்சுக்குமுங்க" என்றான்.

வேலிக்கு வெளியே யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். நாற்காலிகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர் தன் கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? மைக்கை வாங்கி, "குழந்தைங்க நல்லா பயமில்லாமப் பேசறாங்க, பாராட்டுக்கள்" என்றார். சோடா குடித்தார். ஜீப்பில் ஏறிப் போனார். பாராட்டாம்! எதைக் கேட்டு எதைச் சொல்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப் போய் ஜீப்பை மறித்து, பிள்ளைகள் சொன்னது உங்களுக்குக் காதில் விழுந்ததா சார் என்றேன். டிரைவர் ஹார்ன் அடித்தார்.

குழாயடியில்

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் காரணம் என்று ஒரு வரி போட்டு என்னைக் காரமடைக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். அட்டைச் சாக்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள், எலி தின்றது என்று கேள்விப்பட்டேன். மாரக்காவையும் அவள் புருஷனையும் தோட்டத்து வேலைக்கு இனி வரவேண்டாம் என்றார்கள். தடாகம் ரோட்டுச் செங்கல் சூளையில் மண் சுமந்தார்கள். நியாயம் பேசியவர்களுக்கு அந்த ஊர் கொடுத்த பரிசு இதுதான். தண்ணீர் ஊற்றியவர்களை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. யாராவது கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது மாரக்கா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். ரங்கி தூரத்தில் குழாயடியில் உட்கார்ந்து மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்ட் அவ்வளவு சுலபமாகப் போகிறதா?

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கோணும். அவ நெசமாலுமே படிச்சாளுங்களா? இல்லீன்னா யாராச்சும் சொல்லிக் குடுத்ததைச் சொன்னாளுங்களா?"

பையில் மிச்சமிருந்த சட்டை அட்டையைக் கிழித்துத் துண்டுகளாக்கினேன். ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். "நீயே ஒரு வாக்கியம் சொல்லு மாரக்கா. மெதுவாச் சொல்லு, அவளுக்குக் கேக்க வேண்டாம்" என்றேன்.

மாரக்கா குழாயடியைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "ரங்கி நாளைக்குக் கடலைக்காட்டுக்குப் போவா" என்றாள்.

வேறு என்ன செய்ய? ஒவ்வொரு சொல்லாக எழுதி வாசல் திண்ணை மேல் வரிசையாக வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இதுல கடலைக்காடு எதுங்க?"

காட்டினேன். அந்தத் துண்டை மட்டும் எடுத்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். முந்தானை முடிச்சில் செருகிக்கொண்டாள்.

"இந்த எடத்துல பள்ளிக்கூடம்னு எழுதி வெய்யுங்க" என்றாள்.

எழுதி வைத்தேன். ரங்கியைக் கூப்பிட்டோம். ஈரக் கையோடு ஓடி வந்தாள். கழுத்தில் அந்தக் கறுப்பு வட்டம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. திண்ணையைப் பார்த்ததும் நாங்கள் ஒன்றும் சொல்லாமலேயே வாசிக்கத் தொடங்கினாள்.

"ரங்கி நாளைக்குப் பள்ளிக்கூடம் போவாள்."

என் முகத்தைப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். "இது யாருங்க டீச்சர் சொன்னது?"

"உங்கம்மா."

"நெசமாலுமாம்மா?"

"நெசந்தான் சாமி" என்றாள் மாரக்கா. "வேணும்னா நீ புள்ளி வெய்யி."

ரங்கி கழுத்தில் தொங்கிய அட்டையின் காயாத ஓரத்தில் விரலை ஒற்றினாள். கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில், ஒட்டி, அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள்.